மாம்புரி வளைவில் கெப்பைக் கொதிக்க வைத்தது யார்?

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்களைப் போக்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஸ்பேனர் பிடித்த கைக்குப் பேனா வழுக்குகிறது என்பதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாட்டு. உண்மையான காரணம் வேறு. நான் செய்த வேலையை நானே எழுதினால் அது ஊர் மெச்சச் செய்த முகஸ்துதியாகிவிடுமோ, கிடைக்கவிருந்த கொஞ்ச நன்மையும் போய்விடுமோ என்ற பயம்தான். வாகனத்தைத் திருத்திக் கொடுத்தோம், அல்லாஹ் பார்த்தான், அது போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பயத்தைக் கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுச் சோறு கலைத்துவிட்டது.

சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எதிரே இருந்தவர் வெளியூர், முன்பின் பார்த்ததில்லை. சோற்றைப் பிசைந்தபடியே கதையைத் தொடங்கினார்.

"மாம்புரி வளைவுல ஒரு ஜின் இரிக்கி, கேள்விப்படல்லயா? ஐஸ் ஏத்திட்டு வாற கெப் ஒண்டு அந்த எடத்துக்கு வந்தாக் கொதிக்கும். ஏன் தெரியுமா? டிரைவர் மொதலாளிட ஐஸக் களவா வித்தவன். ஜின் விடுமா? பொறகு மீரான் பாஸ் எண்டு ஒரு மனிசன் வந்து, கெப்பக் கிப்லாவுக்குத் திருப்பி வெச்சு, ஓதி ஊதினாராம். அப்பிடியே சூடு எறங்கிட்டாம்."

"அப்பிடியா? அந்த மீரான் பாஸ் இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"அவர் மவுத்தாகிக் கனகாலம்."

"இன்னாலில்லாஹி" என்று, சாவுச் செய்திக்குச் சொல்வதை, நானும் சொல்லி வைத்தேன். என் மவுத்துக்கு நானே சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்குமா?

சிரிப்பை அடக்கிக்கொண்டு வலப்பக்கம் திரும்பினேன். அங்கே இருந்தவர் ஜவ்பர். பின்னால் திறந்த தட்டுள்ள அந்த ஐஸ் கெப்பை ஓட்டிய டிரைவர் அவர்தான். சோற்றுக்குள் போன அவருடைய கை அப்படியே நின்றிருந்தது. பிறகு ஒரு வாய் எடுத்தார், மென்றார், விழுங்கினார். எனக்கு அதற்குப் பிறகு இறைச்சி உள்ளே போகவில்லை.

ஆகவே எழுதுகிறேன். என்னை அண்ணன் முறை வைத்து அழைக்கும், கராஜ் வைத்திருக்கும் இளையவர்களும் "நானா, பழைய கேஸ் ஒண்ட எழுதித் தாங்களேன்" என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது வாகனத்துக்குள் வயரைச் சொருகினால் போன் திரையில் சூட்டின் அளவு வருகிறது. நல்ல சாமான். மருமகனுடையதை வாங்கி நானும் பார்ப்பேன். என்றாலும் இந்த ஒரு கேஸை எழுதி வைப்பது அவர்களுக்கும் உதவும், ஜவ்பருக்கும் உதவும்.

நான் வேலை பழகியது சிலாபத்தில், பியதாச பாஸ் என்ற மூத்த மெக்கானிக்கிடம். பழகிய காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன், பிறகு சில்லுக் கழற்றினேன், பிறகுதான் இஞ்சினுக்குக் கிட்டப் போக விட்டார். ஆனால் பாஸின் போக்கைச் சொல்லத்தான் வேண்டும்.

மெக்கானிக் என்றால் வேலை முடிந்து கை கழுவுபவன். பியதாச பாஸ் வேலைக்கு முன்பும் கழுவுவார். சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள் எல்லாம் தேய்த்து, துடைத்துக்கொண்டுதான் பொனட்டைத் தூக்குவார். நான் தொழுகைக்கு முன் வுழூச் செய்வதை அவர் பார்த்திருக்கிறார், அவர் இஞ்சினுக்குக் கை கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன், இருவரும் ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: எண்ணெய் பூசிய கைக்குச் சூடும் குளிரும் சரியாகத் தெரியாதாம்.

கொதிக்கிற வாகனம் வந்தால் மற்றவர்கள் உடனே ரேடியேட்டரைக் கழற்றுவார்கள். அவர் சாரதியை வாங்குப் பலகையில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். எப்போது சூடாகிறது? எந்த இடத்தில் சூடாகிறது? யார் ஓட்டும்போது சூடாகிறது? நாங்கள் ஸ்பேனரோடு அவசரப்பட்டால் சிங்களத்தில் ஒரு அதட்டு வரும்: "இஸ்ஸெல்லா அஹபன், பஸ்ஸே கலவபன்!" முதலில் கேள், பிறகு கழற்று. அவர் இப்போது இல்லை. அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது.

இனி, இதை வாசிக்கும், இஞ்சின் பழக்கமில்லாத வீட்டுக்காரர்களுக்காகச் சுருக்கமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டீசல் இஞ்சின் ஒரு அடுப்பு. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. பம்ப் தண்ணீரைத் தள்ளும். தெர்மோஸ்டட் என்கிற வால்வு, இஞ்சின் சூடாகும் வரை வாசலை மூடி வைத்திருந்து பிறகு திறந்துவிடும். சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும். சுடச்சுடப் பிளேன்டி என்கிற வெறுந்தேநீரைச் சோசரில் ஊற்றி, பரப்பி, ஊதிக் குடிக்கிறோமே, ரேடியேட்டர் அந்தச் சோசர்தான். மெல்லிய குழாய்களில் தண்ணீரைப் பரப்பி வைக்கிறது. ஊதுவது காற்று. வாகனம் ஓடும்போது எதிரே வரும் காற்று பாதி ஊதும், பின்னால் சுழலும் ஃபேன் மீதி ஊதும். ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக இஞ்சினுக்குத் திரும்பும். இவ்வளவுதான். தண்ணீர் சூட்டைச் சுமக்கும், காற்று அதை வாங்கிக்கொள்ளும். இரண்டில் ஒன்று தவறினாலும் கொதிக்கும்.

பாஸின் சோதனையும் இதே வரிசைதான். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, கழுவிய உள்ளங்கையை மேல் ஹோஸில் வைத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் குளிராகவே இருக்கும். பிறகு திடீரென்று சூடு ஓடி வரும். வால்வு திறந்துவிட்டது. அடுத்துக் கை கீழ் ஹோஸுக்குப் போகும். கீழே கொஞ்சம் குறைவான சூடு இருந்தால் எல்லாம் சரி. கீழே பச்சைத் தண்ணீராய் இருந்தால் எங்கோ அடைப்பு. மேலும் கீழும் ஒரே சூடு என்றால் காற்று தன் வேலையைச் செய்யவில்லை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொட விடமாட்டார். "சூட்டில் மூடி திறப்பவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம், அவனுக்குப் புருவம் இருக்காது" என்பார்.

எங்கள் கரையோரத்துக்கு என்று சில தனி வியாதிகளும் உண்டு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றி ஊற்றிக் குழாய்க்குள் வெள்ளைக் கல் வளர்த்துவிடுவார்கள். "சூடான நாட்டுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்துவிடுவது இன்னொன்று. பல இஞ்சின்களில் அந்த வால்வு திறக்கும்போதே இன்னொரு குறுக்கு வழியை மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். குளிர வைக்கக் கழற்றியதே கொதிக்க வைக்கும்.

உடப்பிலிருந்து கருவாடு ஏற்றி வரும் முத்துராசா அண்ணன் இவர்கள் எல்லோரையும் மிஞ்சியவர். ஒருநாள் அவருடைய கெப் ரோட்டில் கொதித்துவிட்டது. எங்கள் கராஜுக்கு இழுத்து வந்தார்கள். இஞ்சினிலிருந்து தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுத் தொதல் கிண்டுகிற வாசம்!

"என்னண்ணே ஊத்தினீங்க?"

"தண்ணி கெடைக்கல்ல தம்பி. தம்பிலி எளனிக் கடை ஒண்டுதான் இருந்திச்சு. நான் ஒண்டு குடிச்சன், அதுக்கு மூண்டு குடுத்தன்."

பியதாச பாஸ் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இது மிச்சம் நல்லாக் கவனிச்ச வாகனம்" என்றார். குழாய்களில் கருகி ஒட்டிய இனிப்பை எடுக்க நாங்கள் பட்ட பாடு போதும் போதும் என்றாகிவிட்டது. எறும்பு வேறு வந்துவிட்டது.

சரி, ஐஸ் கெப்புக்கு வருகிறேன்.

அப்போது நான் பாலாவியில் சொந்தமாகக் கராஜ் வைத்திருந்தேன். சலீம் முதலாளிக்குக் கற்பிட்டியில் மீன்பிடிப் போட்டுகள் இருந்தன. இளமையில் அவரும் கடலுக்குப் போனவர், கை கயிற்றில் காய்த்துப்போனவர். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெரிய கடல் பக்கம் தொழில் சிரமம், கரையோர ஏரியான களப்புப் பக்கம்தான் இறாலும் நண்டும். அவற்றுக்கு ஐஸ் வேண்டும். புத்தளத்தில் ஐஸ் ஏற்றி, உமியும் சாக்கும் போட்டு மூடி, லுஹர் என்கிற நண்பகல் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டுப் பாலாவி, நுரைச்சோலை, மாம்புரி வழியாகக் கற்பிட்டிக்குக் கொண்டுபோவது ஜவ்பரின் வேலை.

ஜவ்பர், வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில், மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். வளர்ந்து கடலட்டைக்கு மூழ்கப் போய்க் காதைக் கெடுத்துக்கொண்டார். இனிக் கடலே வேண்டாம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் ஸ்டியரிங் பிடித்தார். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை கிடையாது.

கெப் கொதிக்கத் தொடங்கியது ஒரு கச்சான் மாதத்தில். அதுவும் ஒரு ஒழுங்கோடு கொதித்தது. காலையில் வெறுமையாகப் புத்தளம் வரும்போது கொதிக்காது. பிற்பகலில் ஐஸோடு திரும்பும்போது, நுரைச்சோலை தாண்டி மாம்புரி வளைவுக்குக் கிட்ட, சொல்லிவைத்தது போல சூடு காட்டும் முள் ஏறும். பின்னால் ஐஸ், முன்னால் அடுப்பு. ஜவ்பர் வெயிலில் நிறுத்தி ஆற வைப்பார். ஐஸ் கரையும். அவசரத்தில் சாக்கை விலக்கி ஐஸை உடைத்து ரேடியேட்டரின் மேல் வைப்பார். (இதை ஒருவரும் செய்யாதீர்கள். கொதிக்கிற இரும்பில் குளிர் பட்டால் வெடிக்கும்.) வளைவில் காசிமின் தேத்தண்ணீர்க் கடை. அங்கே நிற்பவர்களின் கண்ணுக்கு, ஜவ்பர் ரோட்டோரத்தில் ஐஸ் உடைக்கிறார். கற்பிட்டிக்குப் போய்ச் சேரும் ஐஸோ குறைகிறது. ஆலங்குடாப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டல்கள் இருக்கின்றன. மீதியை ஊர் வாய் கூட்டிக் கழித்து முடித்துவிட்டது.

சலீம் முதலாளி கெப்போடு என் கராஜுக்கு வந்தார். ஜவ்பரும் கூட வந்திருந்தார், ஆனால் முதலாளி அவரைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

"மீரான் நானா, இந்தக் கெப்புல வருத்தம், பிழ ஏதும் இரிக்கா இல்லயா எண்டு மட்டும் சொல்லுங்க. இரிந்தா நீங்க திருத்துங்க. இல்லாட்டி நான் திருத்துறன்."

"என்னத்தத் திருத்தப் போறீங்க?"

"வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு இவர் பள்ளியில ஊர் முன்னுக்கு அல்லாஹ் மேல சத்தியம் பண்ணட்டும், ஐஸ் விக்கல்ல எண்டு."

ஜவ்பர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மொதலாளி, ஐஸ் கட்டிக்கு அல்லாஹ்ட பேர இழுக்க மாட்டன். சாவியத் தாறன், நான் போறன்."

சத்தியம் செய்யாமல் வேலையை விட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் நடுவில் விழுந்தேன்.

"வெள்ளிக்கு இன்னம் நாள் இரிக்கி. சாவி எனக்கிட்ட இரிக்கட்டும். ரெண்டு பேரும் போய்ப் பிளேன்டி குடிங்க. ஒரே மேசையில."

கையைக் கழுவிக்கொண்டு பொனட்டைத் தூக்கினேன்.

தண்ணீர் அளவு சரி. மூடியின் ரப்பர் சரி. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும், வரவில்லை. யாரோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டட்டுக்குப் பதிலாகப் புதியது போட்டேன். ரேடியேட்டரை இறக்கிக் குழாய்களைத் துப்புரவாக்கிப் பூட்டினேன். பம்ப் நல்லது, பெல்ட் நல்லது. ஸ்டார்ட் செய்து ஹோஸ்களில் கை வைத்தால் பியதாச பாஸ் பாடம் எடுத்தது போல மேலே சூடு, கீழே கொஞ்சம் குறைவு. வெறும் கெப்பைப் பாலாவிச் சந்தியைச் சுற்றி ஓட்டினேன். முள் பாதியிலேயே நின்றது. என் மரத்தடியில் அது நல்ல பிள்ளை.

அடுத்த நாள் சாவியை ஜவ்பரிடமே கொடுத்து அனுப்பினேன். அன்றும் ஐஸோடு மாம்புரியில் கொதித்தது.

எனக்குப் பெரிய யோசனையாகிவிட்டது. என் கையில் குறை ஒன்றும் அகப்படவில்லை என்று நான் சொன்னால், அது ஜவ்பர் கள்ளன் என்று சொன்னதற்குச் சமம். விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு, "யா அல்லாஹ், ஒரு மனிதனுடைய மானம் இந்த இஞ்சினுக்குள் விழுந்து கிடக்கிறது, எனக்கு எடுத்துக் காட்டு" என்று கேட்டேன். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பாஸின் மூன்று கேள்விகள் நினைவுக்கு வந்தன. எப்போது? பிற்பகலில். எங்கே? நுரைச்சோலைக்கு அங்கால். யார் ஓட்டும்போது? அதில்தான் சறுக்கியது. எப்போதும் ஜவ்பர்தான், வேறு ஒருவர் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை முதலாளியிடம் போனேன். "இண்டைக்கு ஐஸ் ஏத்தி நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல இரிக்கன். ஜவ்பர் பின்னால வரட்டும்."

"நல்ல கதை. எனக்குக் கொதிக்காது, பாருங்க."

ஜவ்பர் ஐஸ் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தார். பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டோம். நுரைச்சோலை வரை முள் பாதியிலேயே இருந்தது. முதலாளிக்கு ஒரே குஷி.

"கண்டீங்களா நானா? மொதலாளி ஆரெண்டு கெப்புக்குத் தெரியிது."

"இன்னம் வளைவு வரல்ல" என்றேன்.

நுரைச்சோலை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ரோட்டு வடக்கே நிமிர்ந்தது. கச்சான் காற்று கெப்பின் முதுகில் வந்து விழுந்தது. முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தோணியில் நிற்கிறவர் போல உடம்பு தளர்ந்து சிரிக்கிறார்.

"ஆ, பின்காத்துப் புடிச்சிட்டு! தானா ஓடுது பாருங்க!"

சொல்லிக்கொண்டே டொப் கியருக்கு மாற்றி, காலை எக்ஸிலரேட்டரிலிருந்து பாதி எடுத்துவிட்டார். இஞ்சின் குரலைத் தாழ்த்தி முனக ஆரம்பித்தது.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. ஜன்னல் திறந்திருக்கிறது, கெப் ஓடுகிறது, ஆனால் முகத்தில் ஒரு சொட்டுக் காற்று இல்லை. இது என்ன அதிசயப் புதினம் என்று வெளியே எட்டிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சிலிசிலிப் பொலித்தீன் பை பறந்துகொண்டிருந்தது. ரோட்டில் கிடந்த பை காற்றில் எழும்பியிருக்கிறது. அது பின்னால் போகவில்லை, முன்னால் போகவுமில்லை. எங்களோடு கூடவே, கற்பிட்டிக்கு லிஃப்ட் கேட்டு வருவது போல வந்துகொண்டிருந்தது.

ஸுப்ஹானல்லாஹ்! பைக்கும் எங்களுக்கும் ஒரே வேகம் என்றால், காற்றுக்கும் எங்களுக்கும் ஒரே வேகம். ரேடியேட்டருக்கு எதிரே வரும் காற்று என்று ஒன்றே இல்லை. சோசரில் பிளேன்டி இருக்கிறது, ஊத ஆளில்லை.

"மொதலாளி, முள்ளப் பாருங்க."

பார்த்தார். முள் எழும்பிக்கொண்டிருந்தது. "மெதுவாத்தானே ஓட்டுறன்!" என்று இன்னும் கொஞ்சம் காலை எடுத்தார். முள் இன்னும் ஏறியது. மாம்புரி வளைவில் காசிமின் கடைக்கு முன்னால் நிறுத்தும்போது பொனட்டின் இடுக்கால் ஆவி எட்டிப் பார்த்தது.

காசிம் தேத்தண்ணீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"என்ன மொதலாளி, இண்டைக்கு நீங்களா ஐஸ் விக்க வந்தீங்க?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. இஞ்சினை நிறுத்தச் சாவிக்குப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சின நிப்பாட்ட வேணாம். கெப்பத் திருப்புங்க. காத்துக்கு மொகம் குடுங்க. திருப்பிட்டு நியூட்ரல்ல போட்டுக் கொஞ்சம் ரேஸ் குடுங்க."

காற்றுக்கு முகம் கொடுப்பது கடல்காரனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே திருப்பில் திருப்பினார். கச்சான் நேராக ரேடியேட்டருக்குள் புகுந்தது. நான் பொனட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை, ஒரு ஸ்பேனர் எடுக்கவில்லை. முள் மெதுவாக இறங்கி மறுபடி பாதிக்கு வந்து நின்றது.

அதன் பிறகுதான் இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்துக்கொண்டு ஃபேனை விரலால் தட்டினேன். ஃபேனுக்கு நடுவில் தடித்த எண்ணெய் உள்ள ஒரு கப்ளிங் உண்டு. சூடு ஏறினால் அது இறுகி ஃபேனைப் பிடித்து வேகமாகச் சுழற்ற வேண்டும். இவ்வளவு சூட்டில் அது கையைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் சின்னப் பிள்ளையின் ஓலைக் காற்றாடி மாதிரி விர்ரென்று சுற்றியது. உள்ளே எண்ணெய் கசிந்துபோயிருக்கிறது. என் கராஜில் குளிர்ந்திருக்கும்போது தட்டிப் பார்த்ததால் அது தெரியவில்லை, ஓட்டத்தில் எதிர்காற்று அந்தக் குறையை மறைத்து வந்திருக்கிறது. விரல் கப்ளிங்கில் பட்டுச் சுட்டுவிட்டது. ஊதிக்கொண்டேன்.

முதலாளியைக் கேட்டேன். "கடல்ல பின்காத்து வந்தா மெசின என்ன செய்வீங்க?"

"கொறைப்பன். காத்துத் தள்ளிட்டுப் போகும். எண்ண மிச்சம்."

"இஞ்ச என்ன செஞ்சீங்க?"

முதலாளி கெப்பைத் திரும்பிப் பார்த்தார். "அதத்தான் செஞ்சன்."

"ஜவ்பரும் கடல்காரர்தான். அவரும் அதத்தான் செஞ்சார்."

போட்டில் அது பிழையில்லை. இஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரைச் சுற்றியுள்ள கடல் தந்துகொண்டே இருக்கும், மெசினைக் குறைத்தால் ஒன்றும் கெடாது. கெப்புக்குக் காற்றுதான் கடல். பின்காற்றில் அந்தக் கடல் வற்றிவிடுகிறது. அந்த நேரம் பாரத்தோடு டொப் கியரில் இஞ்சினை முனக விட்டால் பம்பும் மெதுவாகச் சுற்றும், ஃபேனும் மெதுவாகச் சுற்றும். கப்ளிங் வேறு கையை விட்டுவிட்டது. அப்புறம் கொதிக்காமல் என்ன செய்யும்? எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக ஜவ்பர் முதலாளிக்குச் செய்த நன்மைதான் அவரையே கள்ளனாக்கிக்கொண்டிருந்தது.

முதலாளி பின்பக்கம் நடந்தார். ஜவ்பர் இன்னும் சாக்கின் மேல்தான் இருந்தார், இறங்கச் சொல்லாமல் இறங்கக் கூடாது என்பது போல.

"எறங்கு. நீ ஓட்டு."

"நீங்க மொதலாளி?"

"நான் ஐஸப் பாத்துக்கிறன்."

சொல்லிவிட்டுச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மேலே ஏறி ஐஸின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் எவ்வளவோ சொல்லியும் இறங்கவில்லை. ஜவ்பர் ஒரு கியர் குறைவாகவே வைத்து, இஞ்சினை நன்றாகச் சுற்ற விட்டு ஓட்டினார். முள் கொஞ்சம் எழும்புகிற மாதிரித் தெரிந்த இடத்தில் கெப்பைத் திருப்பிக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றோம். கொதிக்கவே இல்லை. கற்பிட்டிக் கடைத்தெருவில் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, டிரைவர் முன்னால், முதலாளி நனைந்த சாரனோடு பின்னால். சலீம் முதலாளி வாயால் மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அன்றைக்குக் கேட்டுவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஜவ்பரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு யாரும் சத்தியம் செய்யவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஸலாம் கொடுத்துக் கலைந்தார்கள். புதிய கப்ளிங் போட்டேன், கிணற்றுத் தண்ணீரை இறக்கிவிட்டுக் கூலன்ட் நிரப்பினேன். அதன் பிறகு அந்தக் கெப் மாம்புரி வளைவில் நின்றது காசிமின் தேத்தண்ணீருக்கு மட்டும்தான்.

இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும், அந்தக் கலியாண வீட்டுக் கதை எங்கிருந்து வந்தது என்று. கடையில் இருந்தவர்கள் கெப்பைத் திருப்பியதைக் கண்டார்கள். அது கச்சான் வரும் பக்கம், மக்கா இருக்கும் கிப்லாத் திசை அந்தப் பக்கமே இல்லை. என் வாய் அசைந்ததைக் கண்டார்கள். சுட்ட விரலை ஊதியதைக் கண்டார்கள். மீதியை வருடங்கள் கூட்டிவிட்டன. என்னை அவுலியா என்கிற மகான் ஆக்கியதும் மவுத்தாக்கியதும் பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தக் கதையில் ஜின் கோபப்படுவதற்கு ஒரு கள்ளன் வேண்டியிருக்கிறது. அந்தக் கள்ளன் என் பக்கத்தில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தான்.

எழுதி முடித்ததும் ஜவ்பரின் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கெட்ட காதைத் திருப்பிக்கொண்டு நல்ல காதால் கேட்டார். தம்பிலி வந்த இடத்தில் சிரித்தார். முதலாளி ஐஸில் ஏறிய இடத்தில் கண்ணைத் துடைத்தார். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நானா, அந்த டொப் கியர்க் கதைய மட்டும் எடுத்துட்டா என்ன? இப்ப எண்ட மகனும் டிரைவர். சிரிப்பான்."

"எடுக்கலாம்" என்றேன். "எடுத்தா கெப் ஏன் கொதிச்சிச்சு எண்டு ஆக்களுக்கு விளங்காது. விளங்காத எடத்துல திரும்பவும் ஜின் வந்து ஒக்காரும்."

என் கையிலிருந்த தாள்களை வாங்கி அடுக்கித் திருப்பித் தந்தார்.

"அப்ப இரிக்கட்டும் நானா. அந்தப் பிழ எண்ட பிழ. மத்தது, அந்தக் களவு, எண்டது இல்ல."

ஆகையால் இதை வாசித்தவர்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் இதை யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள், நம் ஆட்களுக்குக் கதை வயிற்றில் தங்காது. சொல்லுங்கள். ஆனால் ஜின்னைச் சேர்க்காதீர்கள், டொப் கியரை விடாதீர்கள், எனக்காக ஒரு ஊதல் கூடக் கூட்டாதீர்கள். காற்று பின்னால் இருந்தது, கப்ளிங் கையை விட்டது, ஓட்டியவர் கடல்காரர், ஐஸ் வெயிலில் கரைந்தது. வாங்கிய படியே கொடுத்துவிடுங்கள். இது ஒரு மனிதன் நம்பி ஒப்படைத்த அமானிதம்.